படுக்கையில் இறந்த புனிதர்

டென்மார்க் நாட்டின் பாதுகாவலரான புனிதர் படுக்கையில் கிடந்து இறந்தவர். அது நடந்து ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மாதக்கணக்கில் வயிற்று நோயால் வாடி, சீடர்கள் சுற்றி நின்று செபம் சொல்ல, கட்டிலிலேயே கண்ணை மூடினார். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படியொரு சாவு கிடைத்தால் சந்தோசம்தான். ஆனால் கட்டிலில் சாக வேண்டி வந்துவிட்டதே என்று அவர் அழுதாராம். அதுதான் எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்து பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி என்று கேட்டுக் கேட்டே எங்களை வறுத்தெடுத்த நாடு இது. ஆகவே இந்த எழுத்தில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. என் மகனுக்கும் கிடையாது. புனிதரின் பெயர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் இங்குள்ள எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் கேட்கலாம், சொல்வார்கள்.

நான் மன்னார்க் கரையிலிருந்து வந்தவன். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இங்கே ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் தொடை எலும்பு எடுக்கிற வேலை. மனைவியும் மகனும் மகளும் ஊரில் இருந்தார்கள். எனக்கு வதிவிட அனுமதி கிடைத்த உடனே அவர்கள் மூவரையும் கூப்பிட விண்ணப்பித்தேன். குடும்பத்தைக் கூப்பிடுவது உங்கள் உரிமை, சட்டத்திலேயே இருக்கிறது என்று அகதிகளுக்கு உதவி செய்த ஒரு டெனிஸ் பெண் சொன்னாள். சில மாதங்கள் எடுக்கும், அவ்வளவுதான் என்றாள். அப்போது மகனுக்குப் பதினாறு வயது.

அவள் பேச்சை நம்பி நான் கட்டில் வாங்கினேன். பழைய சாமான் விற்கிற கடையில் மூன்று கட்டில்கள். மகனுக்கு எடுத்தது பைன் மரக் கட்டில், டெனிஸ்காரன் ஒருவனுக்காகச் செய்தது, தோணி நீளம் இருந்தது. அதை யன்னலுக்குக் கீழே பொருத்திவிட்டு நானே ஒருமுறை படுத்துப் பார்த்தேன். காலுக்கு அங்கால் இன்னும் ஒரு சிறுபிள்ளை படுக்க இடம் இருந்தது. இதைப் பகிடியாக மகனுக்கு எழுதினேன். 'அப்பா, நான் இப்ப உங்களை விட உயரம். நான் வரேக்க கட்டில் நீளம் காணாமல் போகும், பாருங்கோ' என்று பதில் போட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிருந்த தமிழர் எல்லாரும் கோவிலுக்குப் போவோம். பங்குச் சுவாமி ஒரு ஒல்லாந்துக்காரர், நல்ல மனிதர், வயதானவர். எனக்கு டெனிஸ் மொழி மற்றவர்களை விடக் கொஞ்சம் சீக்கிரமாகப் பிடிபட்டதால் அவருடைய பிரசங்கத்தைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் இரண்டு வசனம் சொல்வார், நிறுத்துவார், நான் சொல்லுவேன். பெப்ரவரித் தொடக்கத்தில் அந்தப் புனிதரின் திருநாள் வந்தது. அன்றுதான் அவருடைய கதையை முதன்முதலில் கேட்டோம்.

சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். மடத்தில் வளர்ந்தார். டென்மார்க்குக்குப் போக ஆள் வேண்டும் என்று அரசன் கேட்டபோது ஒருவரும் வர விரும்பவில்லை, இவர் போனார். விலைக்கு விற்கப்பட்ட பையன்களை வாங்கி மீட்டுப் பள்ளிக்கூடம் நடத்தினார். பிறகு ஒரு நகரத்துக்கு ஆயராக இருந்தபோது, கடலால் வந்த கொள்ளைக்காரர்கள் நகரத்தையே எரித்தார்கள். கோவில் போயிற்று, புத்தகங்கள் போயின. மேலங்கிகூட இல்லாமல் தப்பி ஓடினார். பக்கத்து ஊர் ஆயரிடம் போய்த் தங்க இடம் கேட்டார். அந்த ஆயர் கதவைச் சாத்திவிட்டார். கடைசியில் ஒரு பெண் தன் காணியில் இடம் கொடுத்தாள்.

நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்லக் கோவிலுக்குள் ஒரு அசைவு. முன் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'எங்கட ஆள்' என்று யாரோ உரக்கவே சொன்னார்கள். கப்பலிலும் சரக்குப் பெட்டியிலும் காட்டுப் பாதையிலும் வந்து சேர்ந்த பெடியங்களுக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

எங்களுக்குள் ஒருவர் ஊரில் கோவில் மூப்பராக இருந்தவர். கொடியேற்றம், சொரூபம் வைத்த கூட்டைத் தோளில் தூக்கிச் சுற்றுவது, பந்தம் பிடிப்பது எல்லாம் அவர் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. இங்கே அவர் என்னோடு பன்றித் தொடை வெட்டினார். அன்று பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது அவர் எழும்பி நின்றார்.

"இஞ்ச பாருங்கோ. ஊரிலை மழை இல்லையெண்டா ஆரிட்டைப் போறம்? ஊருக்குப் பொறுப்பான புனிதரிட்டைத்தானே? இந்த நாட்டுக்குப் பொறுப்பு இவர். நாங்கள் வந்த நாள் தொட்டு இவரை எட்டியும் பாக்கேல்லை. பிறகு குடும்பம் வரேல்லை, கடதாசி வரேல்லை எண்டால் எப்பிடி வரும்?"

எங்களுக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. ஏறக்குறைய எல்லாருக்கும் மனைவியோ பிள்ளையோ தாயோ ஊரில். ஒருவருக்கும் பதில் வரவில்லை. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நாட்டுக்குப் பொறுப்பான ஆளைக் கண்டுகொள்ளாமல் விட்டோம் என்பது நம்பக்கூடிய காரணமாகத்தான் இருந்தது. இந்த நாட்டில் அவரிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை என்பதோ, அவர் செத்த பிறகு அவர் கட்டி எழுப்பியதெல்லாம் சரிந்துபோனது என்பதோ, நானூறு ஐந்நூறு வருடங்களாக டெனிஸ்காரர் புனிதர்களையே மூலையில் வைத்துவிட்டார்கள் என்பதோ எங்களுக்கு அப்போது தெரியாது.

அடுத்த பெப்ரவரிக்கு ஒன்பது நாள் செபத்தோடு நவநாள் வைத்தோம். கோவில் மூலையில் ஒரு பழைய ஆயர் சொரூபம் இருந்தது, கையில் குட்டிக் கோவிலோடு. அதைத் துடைத்து எடுத்தோம். தொழிற்சாலையில் எறிகிற பலகைகளைக் கொண்டு கூடு செய்தோம். பூவுக்குப் பதில் கிறிஸ்மஸ் முடிந்து மிஞ்சின மினுங்கல் கடதாசி. எல்லாம் பொருந்தி வந்தது, பாட்டுத்தான் இல்லை. தமிழில் இந்தப் புனிதருக்கு யார் பாட்டுக் கட்டினார்கள்? மூப்பர் யோசித்துவிட்டு, எங்கள் ஊர்ப் புனிதர் ஒருவருக்குப் பாடுகிற பாட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். ஊர்ப் புனிதர் வேதத்துக்காக அம்புகளால் குத்தப்பட்டு இரத்தசாட்சியாகச் செத்தவர். பாட்டின் நடுவில் அம்பு வரும். அம்பை எடுத்தால் மெட்டு விழுந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

அம்பு படாத மனிதரை அம்பு பட்டவரே என்று பாடிக்கொண்டு, முழங்கால் மட்டும் பனியில் கோவிலைச் சுற்றினோம். தோள்கள் விறைத்துப்போயின. டெனிஸ்காரக் கிழவிகள் யன்னலால் பார்த்தார்கள். பாட்டில் என்ன சொல்கிறீர்கள் என்று சுவாமி என்னைக் கேட்டார், புகழ்கிறோம் என்றேன். கூட்டின் முன் தண்டைப் பிடித்திருந்தபோதுதான் நான் நேர்த்தி வைத்தேன். என் மகன் வந்து சேரட்டும், வருகிற திருநாளுக்கு இந்த முன் தண்டை அவன் தூக்குவான் என்று. விலை கொடுத்துப் பையன்களை மீட்டவருக்கு ஒரு பையன் பாரமா என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடமும் பதில் வரவில்லை. பொலிஸ் நிலையத்தில் வெளிநாட்டவர் பகுதிக்குப் போய் நிற்பேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசுவாள். உங்கள் விசயம் பரிசீலனையில் இருக்கிறது, எனக்கும் அதற்கு மேல் தெரியாது என்பாள். நான் நன்றி சொல்லிவிட்டு வருவேன். எத்தனை முறை நன்றி சொன்னேன் என்று நினைத்தால் இப்போது கேவலமாக இருக்கிறது.

பதில் வராதபோது நாங்கள் செய்தது இன்னும் கேவலம். பிழையை எங்களுக்குள்ளேயே தேடத் தொடங்கினோம். "ஆரோ ஒருத்தன் நோன்பை முறிச்சுப்போட்டான்" என்றார் மூப்பர். தவக்காலத்தில் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் தொத்திறைச்சி தின்ற ஒரு பெடியனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் விசாரித்தோம். பன்றி வெட்டுகிற கையால் கூடு தூக்கலாமோ என்று இன்னொருவர் சந்தேகம் கிளப்ப, அதுவும் ஒரு பெரிய கதையாயிற்று. நான் புகை பிடிப்பதை விட்டேன். மனைவி ஊரில் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தாள். சுவாமிக்கு எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவர் அந்தப் புனிதரைப் பற்றி இன்னொன்று சொன்னார். நீங்கள் பெரிய அற்புதங்கள், புதுமைகள் செய்கிறீர்கள் என்று யாரோ புகழ்ந்தபோது, கடவுளிடம் ஒரே ஒரு புதுமை கேட்கலாமென்றால் என்னை நல்ல மனிதனாக்கும் என்றுதான் கேட்பேன் என்றாராம். நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, மூப்பர் வாயைத் திறந்துவிட்டார்.

"அது அவற்ர பாடு. எங்களுக்கு விசா வேணும்."

எல்லாரும் சிரித்தோம். சுவாமிக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு பத்திரிகைகளில் செய்தி கசியத் தொடங்கியது. தமிழருடைய குடும்ப விண்ணப்பங்களை அடியில் போடுங்கள், எடுக்க வேண்டாம் என்று மேலிருந்து, அமைச்சரிடமிருந்தே, சொல்லப்பட்டிருந்ததாம். சட்டம் இருக்கும்போதே, சட்டத்துக்குத் தெரியாமல் எங்களை ஆறப்போட்டிருக்கிறார்கள். அன்று தொழிற்சாலையில் ஒரு டெனிஸ்காரன் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நான் இரண்டு முறை வாசித்தேன். நாங்கள் பனியில் கூடு சுற்றிய நேரத்தில், தொத்திறைச்சி தின்றவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட நேரத்தில், எங்கள் கடதாசிகள் சும்மா கிடந்திருக்கின்றன. அந்தப் பெடியனிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். மூப்பர் கேட்கவில்லை. சத்தம் வெளியே வந்த பிறகுதான் விண்ணப்பங்கள் நகர்ந்தன. என் வீட்டுக்கும் பதில் வந்தது. மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி. மகனுக்கு இல்லை.

மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பதினெட்டு முடிந்தவன் பிள்ளை அல்ல, வளர்ந்த ஆள், அவன் இந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. பதினாறு வயதுப் பையனுடைய கடதாசியை அவன் வளர்ந்து முடியும் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, நீ வளர்ந்துவிட்டாய் என்றார்கள். இதில் புரியாதது ஒன்றும் இல்லை. டெனிஸில் வாசித்தாலும் தமிழில் வாசித்தாலும் ஒரே அர்த்தம்தான்.

மனைவி கொழும்புக்கு வந்து, ஒரு கடையிலிருந்து ரெலிபோனில் என்னோடு கதைத்தாள்.

"மூத்தவனுக்கு இல்லையாமே?"

"ஓம். பதினெட்டு முடிஞ்சுதாம். அப்பீல் எழுதுறம். நீர் சின்னவளோட முதல்ல வாரும்."

"பிள்ளை வளர்ந்தது பிழையே? கடதாசியைப் பிடிச்சு வைச்சிருந்தது அவனே?"

அவள் வரமாட்டேன் என்றாள். அவனை விட்டுவிட்டு விமானம் ஏறினால் நான் தாயா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற மகன் ரெலிபோனை வாங்கினான். குரல் தடித்திருந்தது, முதலில் மைத்துனன் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, அம்மாவும் தங்கச்சியும் முதல்ல வரட்டும். நான் மாமாவோட நிண்டு பிறகு வாறன். அந்தக் கட்டிலை மட்டும் ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ."

மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவி பெட்டியில் ஊரிலிருந்து நான்கு கட்டில் விரிப்புகள் கொண்டுவந்திருந்தாள், ஒன்றுகூட அந்தப் பைன் கட்டிலுக்கு நீளம் போதவில்லை. இரண்டை வெட்டி இணைத்துத் தைத்து ஒன்றாக்கினாள். மேன்முறையீடு எழுதினோம். அகதிகளுக்கு உதவிய அதே பெண் தன் சொந்த நேரத்தில் வந்திருந்து எழுதித் தந்தாள். அதற்குப் பதில் வருவதற்குள் ஊரில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. ஒரு காலை மன்னாரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. வாலிபப் பிள்ளைகளைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுடைய மாமன் முகாமுக்கு முகாம் அலைந்தார். அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை என்று எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். என் மகன் திரும்பி வரவில்லை. அவனைக் கண்டேன் என்று சொல்ல இன்றுவரை ஒருவர்கூட இல்லை.

இறந்தவனுக்குப் பூசை கொடுப்போம் என்று உறவினர்கள் சொன்னார்கள். மனைவி சம்மதிக்கவில்லை. "ஆர் கண்டது? உடம்பை ஆர் கண்டது?" என்பாள். இறந்தவர்கள் நாளில் எல்லாரும் மெழுகுதிரி ஏற்றுவார்கள், அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். மாறாக, திருநாள்களில் அவனுடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவாள். கிறிஸ்மஸ், உயிர்ப்பு ஞாயிறு, அவன் பிறந்த நாள். டெனிஸில் மட்டுமே பதில் சொல்லப் பழகியிருந்த மகள், தன் சிநேகிதிகள் வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவாள். நான் அவளை ஏசியதில்லை.

திருநாள் தொடர்ந்து நடந்தது. இப்போது பல வீடுகளில் குடும்பங்கள் வந்துவிட்டன. புனிதர் கேட்டதைத் தந்துவிட்டார் என்று மூப்பர் சாட்சி சொல்லத் தொடங்கினார். கூட்டுக்கு உண்மையான பூ வந்தது. முன் தண்டைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. நேர்த்தி நிறைவேறினால்தானே கடன்? அவர் தரவில்லை, நானும் தரமாட்டேன். மொழிபெயர்ப்பை மட்டும் விடவில்லை. விட்டால் செய்ய வேறு ஆள் இல்லை.

பிறகு, எங்கள் விண்ணப்பங்களை யார் முடக்கினார்கள் என்று நீதிபதி ஒருவர் நடத்திய பெரிய விசாரணையின் அறிக்கை வெளிவந்தது. எங்கள் விசயத்தால் அரசாங்கமே விழுந்தது. தொலைக்காட்சியில் இரவு பகலாக அதுதான். அடுத்த ஞாயிறு கோவிலில் டெனிஸ்காரர் வந்து எங்கள் கையைப் பிடித்தார்கள். எங்களுக்குத் தெரியாது என்றார்கள், வெட்கமாக இருக்கிறது என்றார்கள். கேக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேக்கை என்னால் விழுங்க முடியவில்லை. அரசாங்கம் விழுந்ததில் என் பிள்ளைக்கு என்ன வந்தது?

சில வாரங்களில் திருநாள் வந்தது. கோவில் நிறைந்த சனம். மனைவியும் மகளும் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். சுவாமி இம்முறை புனிதரின் கடைசி நாள்களைப் பற்றிப் பேசினார். அதுவரை அந்தப் பகுதியை அவர் சொன்னதில்லை. இரண்டு வசனம், ஒரு நிறுத்தம். நான் சொல்லிக்கொண்டே போனேன். இளவயதில் அவருக்கு ஒரு காட்சி கிடைத்தது, இரத்தசாட்சியின் முடி சூடி என்னிடம் திரும்பி வருவாய் என்று. வாழ்க்கை முழுவதும் அதற்காகக் காத்திருந்தார். வாளுக்கும் நெருப்புக்கும் கடலுக்கும் தப்பினார், தப்பித் தப்பிக் கடைசியில் கட்டிலில் நோயாய் விழுந்தார். என் பாவத்தினால்தான் எனக்கு அந்தச் சாவு மறுக்கப்பட்டது என்று சொல்லி அழுதார். நீங்கள் பட்ட கஷ்டமெல்லாம் இரத்தசாட்சியம்தான் என்று சீடர் தேற்றினார்.

அவர் அழுத அந்த வசனத்தை விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போயிருக்கலாம். சுவாமிக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னேன். கட்டிலில் சாகிறேனே என்று அழுதார் என்று தமிழில் சொன்னேன்.

மனைவி எழும்பி நின்றாள். கோவிலில் அவள் அதற்கு முன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"சுவாமி, அவருக்கு வேண்டாமெண்டால் அந்தக் கட்டிலை என்ர பிள்ளைக்குக் குடுத்திருக்கலாமே."

சுவாமி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஆறு வருடமாக நான் இரண்டு பக்கமும் பூசி மெழுகி வந்தவன். அம்பைப் புகழ்ச்சி என்றேன், மூப்பருடைய பகிடியை மறைத்தேன். அன்று ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் டெனிஸில் சொன்னேன். கேக் கொண்டுவந்த பெண்கள் குனிந்துகொண்டார்கள். மகள், அதை டெனிஸில் கேட்ட பிறகுதான், எழும்பித் தாயின் கையைப் பிடித்தாள்.

சுவாமி புத்தகத்தை மூடினார். என்னிடம் பதில் இல்லை என்றார். நான் அதையும் தமிழில் சொன்னேன். பிறகு மூப்பர் பாட்டைத் தொடங்கினார், கூடு வெளியே போனது, அம்பு வருகிற இடமும் வந்தது, எல்லாரும் பாடினார்கள்.

நாங்கள் சுற்றவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டோம். மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அந்த அறைக்குப் போய், தைத்து இணைத்த விரிப்பை எடுத்தாள். திருநாள் அல்லவா. மகள் ஒரு நுனியைப் பிடித்தாள், நான் கால்மாட்டில் மற்ற நுனியைப் பிடித்தேன். இழுத்துச் செருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நான் படுத்துப் பார்த்தபோது தோணி நீளம் இருந்த கட்டில். அவனுக்கு அது அளவாக இருந்திருக்கும்.